சுரின், தருதாவ், அடாங்: தாய்லாந்துத் தீவில் டென்ட் போட எங்கே போவது?

தாய்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய அந்தமான் கடலில், அலை வந்து தொடும் மணலுக்குச் சற்றுத் தள்ளி டென்ட் போட்டுத் தங்க அரசே இடம் தருகிற தீவுகள் சில உண்டு. எல்லாம் தேசியப் பூங்காக்கள். ஓட்டல் கிடையாது, கடைத்தெரு கிடையாது, இரவு விடுதி கிடையாது. ஃபுக்கெட், கிராபி என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் இவற்றைப் பகலில் மட்டும் பார்க்கிறார்கள். காலையில் வேகப்படகு, இரண்டு இடத்தில் பவளப்பாறை, மதியச் சாப்பாடு, மூன்று மணிவாக்கில் திரும்பல். அந்தப் படகுகள் போன பிறகு தீவு அங்கே தங்குகிறவர்களுடையது. நான் இந்த மூன்று தீவுகளையும் எடைபோடுவது அந்த நேரத்தை வைத்துத்தான்: கடைசிப் பகல் படகு கிளம்பிய பிறகு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

சுரினா, தருதாவா, அடாங்கா என்று படங்களை வைத்து முடிவு செய்ய முடியாது. படத்தில் மூன்றும் ஒன்றுதான்: வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், நீண்ட தண்டு என்ஜின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வால்படகு. டென்ட்டில் படுப்பவர் கேட்க வேண்டியவை வேறு. காலையில் எத்தனை மணி வரை நிழல் இருக்கும்? கடல் வற்றினால் குளிக்க முடியுமா? ராத்திரி என்ன சத்தம் கேட்கும்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கேள்விகளைக் கேட்டதும் மூன்று தீவுகளும் மூன்று திசையில் பிரிந்துவிடுகின்றன.

முதலில் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிடுகிறேன். இதே கடலில் உள்ள சிமிலான் தீவுகளில் டென்ட் போடலாம் என்று சொல்லும் பழைய குறிப்புகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. 2018 அக்டோபரிலிருந்து அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. கூட்டம் தாங்காமல் பவளப்பாறையும் கரையும் கெட்டுப்போனதால் எடுத்த முடிவு அது. பகலில் போய் வருகிறவர்களுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்தத் தடையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். சிமிலான் பகல் பயணத்துக்கு மட்டும்.

சுரின்: கடலுக்காகப் போகிறவர்களுக்கு

பாங்ஙா மாகாணத்தின் கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, மியன்மார் கடல் எல்லைக்கு அருகில் இருக்கிற ஐந்து தீவுகளின் கூட்டம் சுரின். 1981ல் தேசியப் பூங்கா ஆனது. குராபுரி படகுத்துறையிலிருந்து வேகப்படகில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, கடல் முரடாக இருந்தால் இன்னும் கூடும். சுரினின் பலமும் செலவும் இந்தத் தூரம்தான். ஆற்று நீரும் கரையோரச் சேறும் அவ்வளவு தொலைவு எட்டுவதில்லை. அதனால் தண்ணீரின் தெளிவு மற்ற இரண்டையும்விட ஒரு படி மேல். படகுக் கட்டணமும் அதே காரணத்தால் அதிகம். மொத்தச் செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். நுழைவுக் கட்டணமும் தருதாவைவிடக் கூடுதல்.

டென்ட் போட இரண்டு இடங்கள், இரண்டும் வட சுரினில். ஒன்று சோங் காட் விரிகுடா. பூங்கா அலுவலகம், மரக் குடில்கள், உணவுக்கூடம் எல்லாம் அங்கே. வட சுரினுக்கும் தென் சுரினுக்கும் நடுவில் ஓடுகிற குறுகலான கால்வாயைப் பார்த்த இடம். பகல் படகுகள் வந்து இறங்குவதும் அங்கேதான். மற்றது மாய் ஙாம். அங்கே குடில் கிடையாது, டென்ட் மட்டும்தான். சோங் காட்டிலிருந்து காட்டு வழியாக இரண்டு கிலோமீட்டர் நடக்கலாம், இல்லையென்றால் வால்படகில் கொண்டுவிடுவார்கள். சாமான் இருந்தால் படகே நல்லது. பாதையில் வேரும் பாறையும் ஏற்ற இறக்கமும் உண்டு.

மாய் ஙாமுக்கே போங்கள் என்பது என் கருத்து. அங்கே டென்ட்டுகள் மரங்களுக்கு அடியில் வரிசையாக நிற்கும். நிழல் நல்ல அடர்த்தி. உணவுக்கூடமும் கழிப்பறையும் குளியலறையும் நடை தூரத்தில். மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் இருப்பவர்கள் எல்லோரும் அங்கேயே தூங்கப் போகிறவர்கள். மின்சாரம் ஜெனரேட்டரில், மாலையில் சில மணி நேரம். அது அணைந்ததும் மணலில் துறவி நண்டுகள் ஊர்கிற சத்தம் கேட்கும். காய்ந்த இலைமேல் ஓட்டை இழுத்துக்கொண்டு நடக்கும்போது, முதல் இரவில் யாரோ டென்ட்டைச் சுற்றி நடக்கிறார்கள் என்றே தோன்றும். டார்ச் அடித்தால் கட்டைவிரல் பருமனில் ஒரு நண்டு, ஓட்டுக்குள் தன்னை இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்.

மாய் ஙாமுக்கு ஒரு குறை உண்டு. கடல் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விடும். முழங்கால் அளவுக்குத்தான் மிஞ்சும், அடியில் பாறையும் பவளமும். அப்போது நீந்த முடியாது. நடக்கவும் கூடாது, உயிருள்ள பவளம் காலடியில் நொறுங்கும். ஏற்றம் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஆழமற்ற தண்ணீரில் கருமுனைச் சுறாக் குட்டிகள் சுற்றும். முழங்கை நீளம், முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டது மாதிரி ஒரு கறுப்பு. மனிதர் நிழல் பட்டாலே ஓடிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை.

நீந்திப் பார்க்கப் பூங்காவே காலையிலும் பிற்பகலிலும் வால்படகு விடுகிறது. ஒவ்வொரு நடைக்கும் வேறு வேறு விரிகுடா. டென்ட்டில் தங்குகிறவருக்குக் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான். பகல் பயணிகள் வருவதற்கு முன்னாலும் போன பிறகும் அதே பவளத்திட்டு உங்களுக்குத் தனியாகக் கிடைக்கும். 2010ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனதில் சுரின் பெரிய அடி வாங்கியது. ஆழமற்ற இடங்களில் அந்தத் தழும்பு தெரியும். இருந்தும் கடலாமையும் கிளிமீனும் கோமாளி மீனும் பார்க்காமல் திரும்புகிறவர் குறைவு. ஆழ்கடல் மூழ்கத் தெரிந்தவர்களுக்கு ரிச்செலியு பாறை இதே பூங்காவின் எல்லைக்குள் வருகிறது. திமிங்கிலச் சுறா வந்துபோகிற இடம் என்று உலகம் முழுக்கப் பேர் பெற்றது. அதற்குத் தனிப் படகு, தனி ஏற்பாடு.

தென் சுரினில் மோக்கென் மக்களின் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே வாழ்ந்து, மழைக்காலத்தில் மட்டும் கரையேறிய கடலோடிகள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பின்வாங்கியதைப் பார்த்ததும், முன்னோர் சொல்லிவைத்த பேரலைக் கதை அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. மேட்டில் ஏறித் தப்பினார்கள், வீடுகள் எல்லாம் போயின. மறுபடி கட்டிய ஊர் 2019 பிப்ரவரியில் தீயில் எரிந்து, மீண்டும் எழுந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தண்ணீருக்கு அடியில் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு தெளிவாகக் கண் தெரிகிறது என்று ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2003ல் வெளியிட்டார்கள். பயிற்சியால் வருகிற திறன் அது. ஊருக்குப் போகலாம். ஆனால் கேட்காமல் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், குழந்தைகள் முகத்துக்கு நேரே போனை நீட்டுவதும் வேண்டாம். மரத்தில் செதுக்கிய சின்னப் படகுகளும் பின்னல் பொருட்களும் விற்பார்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

குராபுரிக்குப் போகிற வழியில் தமிழருக்கு நின்று பார்க்க ஒரு காரணமும் இருக்கிறது. ஃபுக்கெட்டிலிருந்து வடக்கே வரும் சாலை காவ் லாக் தாண்டித் தக்குவாபா வழியாகத்தான் வருகிறது. அந்தத் தக்குவாபா பகுதியில்தான் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நாங்கூர் உடையான் ஒருவர் தோண்டிய குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் முதலானோரின் காவலில் விட்டதாகச் சொல்கிற கல்வெட்டு. நம் வணிகர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பு இறங்கிக் குளம் வெட்டித் தங்கிய கரை அது. அதைக் கடந்து போகிறோம் என்று தெரிந்து போவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தருதாவ்: அமைதிக்காகவும் நடப்பதற்காகவும்

தெற்கே சத்துன் மாகாணத்தில், மலேசிய எல்லையை ஒட்டி இருக்கிறது தருதாவ். 1974ல் அறிவித்த பூங்கா, 51 தீவுகள். அதில் பெரியதுதான் தருதாவ். சுமார் 150 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி மலையும் காடும். பாக் பாரா துறையிலிருந்து 22 கிலோமீட்டர்தான், வேகப்படகில் அரை மணி. மற்ற இரண்டு தீவுகளில் கடற்கரை என்பது காட்டுக்கு முன்னால் ஒரு கீற்று. இங்கே பந்தே மலாக்கா கடற்கரையில் நின்றால் இரண்டு பக்கமும் மணல் போய்க்கொண்டே இருக்கும், பின்னால் சவுக்கு மரங்கள். நீளத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லாத கடற்கரை.

ஏன் இவ்வளவு காலி? தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்காது. பெருநிலத்துக்கு அருகில், சதுப்புக்காடும் ஓடைகளும் உள்ள தீவு. நீர் கலங்கல், கரையோரத்தில் பார்க்கத்தக்க பவளம் இல்லை. படம் எடுக்க வருகிற கூட்டம் இதைத் தாண்டி, விடுதிகள் நிறைந்த லிப்பே தீவுக்குப் போய்விடுகிறது. கடலுக்கு அடியில் பார்ப்பதற்காக வருகிறீர்கள் என்றால் தருதாவ் ஏமாற்றும். நீந்த, நடக்க, படிக்க, தூங்க வருகிறீர்கள் என்றால் இதற்கு இணை மற்ற இரண்டும் இல்லை.

செய்ய வேலை நிறைய உண்டு. அலுவலகத்துக்குப் பின்னால் தோ பூ பாறைக்கு ஏறும் படிப்பாதை. உயரம் 114 மீட்டர், மெதுவாக ஏறினாலும் அரை மணிக்குள் முடியும். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்னால் கிளம்ப வேண்டும், இறங்கும்போது டார்ச் கட்டாயம். சதுப்புக்காட்டு ஓடை வழியே படகில் போய்ப் பார்க்கும் முதலைக் குகை ஒன்று. முதலை இப்போது இல்லை. தெற்கே நான்கு கிலோமீட்டரில் மோலே விரிகுடா, எட்டு கிலோமீட்டரில் சோன் விரிகுடா. சோன் ஆமைகள் முட்டையிட ஏறும் கரை. அங்கே இரவில் விளக்கடித்துக்கொண்டு நடமாடக் கூடாது. மோலேயில் குடில்களும் டென்ட் இடமும் உண்டு. வயதானவர்களோடு போனால் அவர்களுக்குக் குடில், உங்களுக்கு டென்ட் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தீவின் குறுக்கே கிழக்குக் கரையில் உள்ள தாலோ வாவ் விரிகுடாவுக்கு 12 கிலோமீட்டர்ச் சாலை போகிறது. போட்டவர்கள் கைதிகள். 1930களின் கடைசியில் இந்தத் தீவைச் சிறைக் காலனி ஆக்கினார்கள். குற்றவாளிகளைத் தாலோ வாவிலும், அரசியல் கைதிகளைத் தெற்கே தாலோ ஊடாங்கிலும் வைத்தார்கள். 1939ல் அரசியல் கைதிகள் ஐந்து பேர் படகேறி லங்காவிக்குத் தப்பிப் போனார்கள். அப்போது அது பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்த கெடாவின் பகுதி. உலகப் போரில் பெருநிலத்திலிருந்து உணவும் மருந்தும் வருவது நின்றது. மலேரியாவிலும் பட்டினியிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். கடைசியில் கைதிகளும் காவலர்களும் ஒன்று சேர்ந்து, மலாக்கா நீரிணைக்குப் போகிற சரக்குக் கப்பல்களைக் கொள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். 1946ல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கித்தான் அது ஓய்ந்தது. அந்தச் சாலையில் ஒரு காலைப்பொழுது நடக்காமல் தருதாவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. தண்ணீர் மட்டும் நிறையக் கொண்டு போங்கள், வழியில் கடை எதுவும் இல்லை.

தருதாவின் தொல்லை குரங்குகள். ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள். திறக்க முடியாவிட்டால் துணியைக் கிழிக்கும். பிஸ்கட் பாக்கெட் ஒன்று உள்ளே இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடும். பற்பசையைக்கூட விட்டுவைக்காது. உணவு எதையும் டென்ட்டில் வைக்காமல் உணவுக்கூடத்தில் கொடுத்துவையுங்கள். காட்டுப்பன்றியும் உடும்பும் குப்பையைத் தேடி வரும், மனிதரிடம் வம்புக்கு வராது.

அடாங்: முதல் தடவை போகிறவர்களுக்கு

அடாங் அதே தருதாவ் பூங்காவின் மேற்கு ஓரத்தில், லிப்பே தீவுக்கு நேர் எதிரே இருக்கிறது. இடையில் உள்ள கடலை வால்படகு சில நிமிடத்தில் கடந்துவிடும். லேம் சோன் முனையில் சவுக்குத் தோப்புக்குள் டென்ட் இடம், அலுவலகம், உணவுக்கூடம். மணல் நல்ல வெள்ளை, தண்ணீர் தெளிவு, கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளம் பார்க்கலாம். பின்னால் சாடோ பாறைக்கு ஏறினால் மணல் முனையும் எதிரே லிப்பேயும் வரைபடம் மாதிரி விரியும். காலையில் ஏறுவதுதான் சரி, ஒன்பது மணிக்கு மேல் வெயில் தாங்காது.

லிப்பே பக்கத்தில் இருப்பதுதான் அடாங்குக்குப் பெரிய வசதி. ஏடிஎம், மருந்துக்கடை, மருத்துவ நிலையம், ரொட்டிக்கடை எல்லாம் அங்கே. குழந்தையோடு முதல் தடவை டென்ட் போடுகிறவர்களுக்கு இந்தத் தைரியம் பெரிது. பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலை படகேறி அறை எடுத்துக்கொள்ளலாம். சுரினில் அது முடியாது.

அமைதி என்று பார்த்தால் மூன்றில் கடைசியும் இதுதான், காரணமும் அதே லிப்பேதான். ராத்திரி எதிர்க்கரையில் விளக்கு வரிசை தெரியும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டுச் சத்தமும் வரும். பகலில் வால்படகுகளின் என்ஜின் இரைச்சல் ஓயாது. லிப்பேயில் ஊராக் லாவோய் என்ற கடலோடி மக்கள் நூறு ஆண்டுக்கு மேலாக வாழ்கிறார்கள், இன்று அவர்களுடைய நிலத்தைச் சுற்றி விடுதிகள் நெருங்கிவிட்டன. அந்த நெரிசலைத் தாண்டித்தான் அடாங்குக்குப் போக வேண்டியிருக்கிறது. இன்னும் மேற்கே உள்ள ராவியில் கூட்டம் இதைவிடக் குறைவு, ஆனால் வசதிகளும் அந்த அளவுக்குக் குறைவு. அனுபவம் உள்ளவர்கள் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

வாடகை டென்ட்டா, சொந்த டென்ட்டா?

மூன்று இடத்திலும் பூங்கா டென்ட் வாடகைக்குக் கிடைக்கும். ஏற்கெனவே போட்டு வைத்திருப்பார்கள். பாய், தலையணை, உள்ளே நுழைந்து படுக்கும் உறைப்பை எல்லாம் தனியே வாடகைக்கு எடுக்கலாம். சொந்த டென்ட் கொண்டு போனால் ஆளுக்கு ஒரு இரவுக்கு 30 பாட் மாதிரி இடக்கட்டணம் மட்டும்.

சென்னையிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே மேல். பையின் எடை மிச்சம், ஓரிரு இரவுக்கு அந்த டென்ட் போதும். பினாங்கிலிருந்தோ கெடாவிலிருந்தோ காரில் எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு எடை ஒரு பொருட்டில்லை, சொந்த டென்ட்டைக் கொண்டு வாருங்கள். காரணம் காற்று. வாடகை டென்ட்டுகள் பலவற்றில் வலை ஜன்னல் சின்னது, துணி கனம். காலை ஏழரைக்கு வெயில் நேரே விழுந்தால் உள்ளே இட்லிப் பானைதான். மேல் பாதி முழுக்க வலையாக உள்ள டென்ட்டில் அந்த வேதனை இல்லை. மழைத்துணியைத் தனியே கழற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சொந்த டென்ட் போடுகிறவர்களுக்குச் சில செய்திகள். சாதாரண முளை மணலில் நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைத்தால் காற்றுக்கு அசையாது. தென்னை மரத்தடியில் ஒருபோதும் போடாதீர்கள். காய்ந்த கிளை தொங்குகிற சவுக்கின் அடியிலும் வேண்டாம். கிழக்குப் பக்கம் மரம் இருக்கிற இடமாகப் பார்த்தால் காலைத் தூக்கம் ஒரு மணி நேரம் நீளும். கடல் ஏறும் எல்லையை மணலில் காய்ந்த பாசிக்கோடு காட்டும், அதற்கு மேலே நன்றாகத் தள்ளிப் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் கூடுதல், முந்தின நாள் கோட்டை நம்ப முடியாது. வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக் கால் கழுவி நுழைந்தால் படுக்கையில் மணல் ஏறாது.

எங்கே போட்டாலும் முதல் வேலையாக, பேரலை வந்தால் ஏற வேண்டிய மேட்டுப் பாதையைக் கண்டுபிடித்து, வெளிச்சத்திலேயே ஒரு தடவை நடந்து பாருங்கள். அந்தக் கடலில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எப்போது, யார் எங்கே

மூன்று தீவுகளும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மூடிவிடும். மே நடுவில் அடைத்து அக்டோபர் நடுவில் திறப்பார்கள். திறந்த முதல் வாரங்களில் மழை விட்டிருக்காது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இரவில் காற்று இதமாக இருக்கும், மார்ச்சில் கடல் தட்டையாகிவிடும், ஏப்ரலில் டென்ட்டுக்குள் பகல் தூக்கம் முடியாது. புத்தாண்டு விடுமுறையிலும் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் என்ற தாய்ப் புத்தாண்டிலும் தாய்லாந்து மக்களே குடும்பத்தோடு வந்து நிரப்பிவிடுவார்கள். நம் தமிழ்ப் புத்தாண்டும் அதே நாட்களில் வருவதால் அந்த விடுமுறையில் போகலாம் என்று பலருக்குத் தோன்றும். அமைதி வேண்டுமானால் அதைத் தவிர்த்துவிடுங்கள், பிப்ரவரியில் வார நாட்களாகப் பாருங்கள்.

பையில் வைப்பதற்கு முன் மூன்று விதிகளை நினைவில் கொள்ளுங்கள். பூங்காக்களில் மது கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் கூடாது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ள வெயில் பூச்சுகளுக்கு 2021லிருந்து தடை, அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகலாம். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையே போதும். மணல் ஈக்கு மாலையில் கால்களை மூடுகிற கால்சட்டை, சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டால் ஊற்ற ஒரு பாட்டில் வினிகர், இரண்டும் அவசியம். சைவம் சாப்பிடுகிறவர்கள் மீன் சாறும் கூடாது என்பதைத் தாய் மொழியில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவது நல்லது. உணவுக்கூடங்களில் சோறும் வதக்கிய காயும் கிடைத்துவிடும், நேரம் தவறினால்தான் ஒன்றும் கிடைக்காது. ஊறுகாயும் பொடியும் கொண்டு போங்கள், இறுக்கமான டப்பாவில்.

எனக்கு யாராவது நான்கு நாள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் மாய் ஙாம் போவேன். கடலில் முகத்தை வைத்துப் பார்ப்பதில் எனக்குள்ள ஆசை அப்படி. நீந்தத் தெரியாதவர், அல்லது ஊரிலிருந்து ஓய்ந்துபோய் வருகிறவர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு தருதாவ் என்பேன். வற்றலோ ஏற்றமோ, அந்தக் கடற்கரையில் நடக்க எப்போதும் இடம் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையோடு போகிற தம்பதிக்கு அடாங். ஒரு வார விடுப்பு உள்ளவர்கள் தருதாவில் மூன்று இரவு தங்கி, பாக் பாராவிலிருந்து லிப்பே போகிற படகு தருதாவில் நிற்கிறதா என்று கேட்டு அதில் ஏறி, அடாங்கில் இரண்டு இரவு இருந்துவிட்டு வரலாம். மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தீவுகள் திறந்திருக்கும் மாதங்களில் லங்காவியிலிருந்து லிப்பேவுக்கு நேர்ப் படகு ஓடுகிறது, குடிநுழைவு முத்திரையும் லிப்பேயிலேயே. மற்றவர்கள் ஹாட்யாய் வந்து, அங்கிருந்து வேனில் பாக் பாராவுக்கு இரண்டு மணி நேரத்தில் சேரலாம். சுரினை இந்தத் தெற்குப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். அது வடக்கே தனி வழி, ஃபுக்கெட்டில் இறங்கிக் குராபுரி போக வேண்டும், முந்தின இரவு குராபுரியில் தங்கினால்தான் காலைப் படகைப் பிடிக்க முடியும்.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் பூங்காவில் டென்ட் இடம், பிறகு படகு, கடைசியில் விமானம். திரும்புகிற நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு இரவைக் கரையில் விட்டுவையுங்கள். காற்று எழுந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், கெஞ்சினாலும் எடுக்க மாட்டார்கள். குறிப்பாகச் சுரினிலிருந்து காலைப் படகில் வந்து அன்று மாலையே ஃபுக்கெட்டில் விமானம் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள்.